பினாங்கில் ஒரு நல்ல ரேட்

“எங்கே மாத்தினா நஷ்டம் இல்லம்மா?”

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து பொன்னுரங்கம் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எதை ஐயா?” என்றார் ஞானாம்பிகை. வயதில் பொன்னுரங்கத்துக்கு மகள் மாதிரி. ஆனால் அவருக்குக் குரு.

“பணத்தைத்தாம்மா.”

பொன்னுரங்கத்தின் அண்ணன் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விடிந்தால் இதயத்தில் ஆபரேஷன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். தனியாக வரத் தைரியமில்லாமல் குருவைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

ஞானாம்பிகை கண்ணில் பட்ட முதல் கவுண்ட்டரில் தன் ரூபாய் நோட்டுகளை நீட்டினார். ரேட் எழுதிய பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அம்மா! பகல் கொள்ளைம்மா இது!”

“தெரியுது.”

கொடுத்த மலேசியப் பணத்தை வாங்கிக்கொண்டு டாக்சிப் பக்கம் நடந்தார்.

“வர்றீங்களா?”

“நீங்க முன்னாடி போங்கம்மா. டவுன்ல நல்ல ரேட்டாம். மாத்திட்டு ஓடி வந்துடறேன்.”

ஞானாம்பிகை தலையசைத்துவிட்டு டாக்சியில் ஏறிக்கொண்டார்.

டவுனில் முதல் கடையில் ஒரு ரேட். பக்கத்துக் கடையில் கொஞ்சம் கூட. அப்படியானால் அதற்கும் அடுத்த கடையில்?

பொன்னுரங்கம் ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகினார். கட்டணம் என்று திரை சொன்னதும் வேண்டாமென்று அமுக்கி உருவிக்கொண்டார். இடுப்புப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி தெருத் தெருவாக நடந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றால் மனசு நிற்கவில்லை. நனைந்துகொண்டே போனார்.

கடைசியில் ஒரு சந்துக்குள் கிடைத்தது, ஊரிலேயே நல்ல ரேட்.

சிரித்த முகமாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார்.

“பார்க்கிற நேரம் முடிஞ்சிருச்சு அங்கிள்,” என்றார் காவலாளி.

“கூடப் பிறந்தவர் தம்பி. காலைல ஆபரேஷன்.”

“விட முடியாது அங்கிள்.”

பொன்னுரங்கம் பையைத் திறந்தார். உள்ளே கைவிட்டு, வந்ததை அள்ளி, அப்படியே அவர் கையில் திணிக்கப் போனார்.

காவலாளி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“அதை உள்ளே வைங்க அங்கிள்.”

ஞானாம்பிகை வெளியே வந்தார்.

“அண்ணன் பேசினாராம்மா?”

“பேசினார்.”

“என்ன சொன்னார்?”

“‘தம்பிக்கு வழி தெரியலையோ என்னவோ. யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க’ன்னார்.”