அண்டாவைப் பார்த்த ஆடு

குளத்தங்கரையில் செவலை என்ற வெள்ளாடு தன் குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. செவலைக்கு எதைக் கண்டாலும் பயம். ஆனால் பயந்த எதையும் கிட்டப் போய்ப் பார்க்காமல் அதனால் இருக்கவும் முடியாது.

குளத்துக்கு இந்தப் பக்கம் கோயில், சிலுவை வைத்த வெள்ளைக் கோயில். அந்தப் பக்கம் உடைமரமும் முள்ளும் மண்டிய உடங்காடு.

கோயிலுக்குள் என்னதான் இருக்கிறது என்று செவலைக்கு வெகுநாளாக ஒரு குறுகுறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் அதை வளர்க்கும் ஞானவடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். 'அந்த முகத்தை உள்ளே எங்கே கழற்றி வைக்கிறாள்?' என்று செவலை அசைபோட்டபடி யோசிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிப்பாய் என்ற நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"செவலக்கா, சேதி தெரியுமா? வர்ற ஞாயித்துக்கிழமை நம்மளையும் ஆராதனைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு போதகர்!"

"நம்மளயா? உன்னையத்தான் வாசல்லயே கம்பெடுத்து விரட்டுவாங்களே."

"அதைத்தான் போதகர் சொன்னாரு. 'செருப்போட செருப்பா நாய்க வாசல்ல காத்துக் கிடக்கு. அதுகளும் ஆண்டவர் படைச்சதுதான? ஆடு, கோழி எல்லாத்தையும் உள்ள கூட்டிட்டு வாங்க'ன்னாரு. செருப்புப் பக்கத்துல படுத்துக்கிட்டு நானே கேட்டேன்."

குஞ்சுகளோடு சீய்த்துக்கொண்டிருந்த கோழி தலையைத் தூக்கியது. "உள்ள போயி நாம என்ன செய்யணும்? பாடணுமா?"

"நீ பாடிராத தாயி. முட்டை போட்டுட்டு நீ பாடுற பாட்டே தெருவுக்குத் தாங்கல."

கோயில் மதில்மேல் படுத்திருந்த பூனை இதையெல்லாம் கேட்டது. அது கோயிலுக்குள்ளேயே குடியிருந்த பூனை. முழங்கால் போடுவதற்காகப் போட்டிருந்த மெத்தைதான் அதற்குப் படுக்கை. 'இந்த நாய் ஒரு வாரம் உள்ளே வந்தால் வாரா வாரம் வருமே! என் மெத்தை என்ன ஆவது?' என்று அது கலங்கியது. உடனே கீழே குதித்தது.

"மதினி, போன அறுப்பின் பண்டிகைக்கு உங்க அம்மாவுக்குக் காகிதப்பூ மாலை போட்டு, இதே வாசல் வழியாத்தான கூட்டிட்டுப் போனாங்க? திரும்பி வந்தாங்களா?"

செவலையின் வாயிலிருந்த புல் அப்படியே நின்றுவிட்டது.

பூனை சொன்னதில் பொய் இல்லை. அந்த ஊரில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஆடும் கோழியும் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். சிலவற்றை ஏலம் விடுவார்கள். மற்றவை அசனம் என்கிற கோயில் விருந்துக்குப் போய்விடும். ஊர் முழுவதும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அப்படி உள்ளே போன ஆடு எதுவும் மறுபடி மேய வந்ததில்லை.

"அசனம்னு சொல்லிக் கூப்பிட்டா வருவீங்களா? அதான் ஆராதனைங்கிறாங்க" என்றது பூனை. "நாளைக்கே உடங்காட்டுக்குள்ள போயிருங்க. ஞாயித்துக்கிழமை கழியட்டும்."

கோழி அப்போதே குஞ்சுகளைக் கூட்டத் தொடங்கியது. சிப்பாயின் வால் தொங்கிவிட்டது.

"இருங்க. நான் பாத்துட்டு வாரேன்" என்றது செவலை.

"எதை?"

"அடுப்பை."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அந்த வாரம் செவலைக்கு நன்றாக நினைவிருந்தது. பெரிய பெரிய அண்டாக்களைக் குளத்துக்கு உருட்டி வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். செவலை தண்ணீர் குடிக்கிற இடம் வரைக்கும் கரி மிதந்தது. விறகு மலைபோலக் குவிந்திருந்தது.

செவலை கோயிலின் பின்பக்கம் போனது. சமையல் கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. அண்டாவின் விளிம்புக்கு விளிம்பு சிலந்தி வலை கட்டியிருந்தது. விறகு ஒரு சுள்ளிகூட இல்லை. அடுப்புக் கற்களுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. அந்தப் பயத்திலும் செவலை இரண்டு வாய் கடித்துக்கொண்டது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. 'இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, சரி. அந்தப் பக்கம்?'

குட்டியைச் சிப்பாயிடம் விட்டுவிட்டு உடங்காட்டுக்கு நடந்தது. ஒரு முட்புதரின் அடியில் வாத்து இறகுகள் கிடந்தன. பக்கத்தில் எலும்புகள். மண்ணில் நரியின் காலடி. அதை ஒட்டி, உருண்டையாகச் சின்னக் காலடி. அந்த இடத்தில் கோயில் பூனைமேல் எப்போதும் வீசுகிற கருவாட்டு வாடை அடித்தது.

'இங்கே அடுப்பே இல்லை. ஆனால் சாப்பாடு மட்டும் நடந்திருக்கிறது!'

செவலை திரும்புவதற்குள் புதருக்குள்ளிருந்து நரி எழுந்தது.

"வாங்க, வாங்க. நாளைக்குத்தான வர்றதா பூனை சொல்லிச்சு? குட்டி எங்க?"

ஓடினால் நரி பிடித்துவிடும் என்று செவலைக்குத் தெரியும். குரலை நடுங்க விடாமல் பேசியது.

"வழி பாக்க வந்தேன் அண்ணே. இம்புட்டு முள்ளா இருக்கே, குட்டிக்குக் காலு பிஞ்சுல்லா? நாளைக்கு எந்தப் பக்கமாக் கூட்டிட்டு வரட்டும்?"

"இந்தப் பக்கமா வா. கோழியும் வருமா?"

"குஞ்சுகளோட வரும்."

நரி நாக்கைச் சுழற்றிக்கொண்டு வழி விட்டது. முட்காடு முடிகிற வரைக்கும் செவலை மெல்ல நடந்தது. முடிந்ததும் பிடித்த ஓட்டம், கோழியின் முன்னால் வந்துதான் நின்றது. அது பார்த்ததையெல்லாம் சொன்னதும், சனிக்கிழமை யாரும் உடங்காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். கோழி பாடாமலே சமாளித்தது. சிப்பாய் மெத்தையைத் தொடாமல் வெறுந்தரையில் படுத்துக்கொண்டது. ஞானவடிவு முழங்கால் போட்டு, முந்தானையால் முகத்தை மூடிச் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

'ஓ, இங்கேதான் கழற்றி வைக்கிறாளா!'

போதகர் செவலையின் தலையில் கை வைத்தார். அதற்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. பிறகுதான், அது வெறும் கை என்று தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பீரோமேல் பதுங்கியிருந்த பூனையையும் அவர் பார்த்துவிட்டார். "நீ மட்டும் ஏன் அங்க ஒளிஞ்சிருக்க? எறங்கி வா." பூனை கூனிக்குறுகி இறங்கி வந்தது. அதன் தலையிலும் அதே கை.

எல்லாரும் வெளியே வந்தபோது, பூனை வாசற்படியோடு நின்றுவிட்டது. தூரத்தில், குளத்து மேட்டில், சனிக்கிழமை ஏமாந்து வயிறு ஒட்டிய நரி பூனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மதினி, கொஞ்சம் என்கூட நில்லுங்களேன்" என்றது பூனை.

செவலை அதன் பக்கத்தில் வந்து நின்றது. சிப்பாய் குரைத்து நரியை விரட்டியது.

"அறுப்பின் பண்டிகைக்கும் கூப்பிட்டா வருவீங்களா?" என்று பூனை மெல்லக் கேட்டது.

"அண்டா தேய்க்கிற சத்தம் கேக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்ற செவலை, குட்டியை முன்னால் விட்டு நடந்தது.

வா என்கிறவர் சொல்லையும் போகாதே என்கிறவர் சொல்லையும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுப்பு எரிகிறதா என்று நாமே போய்ப் பார்த்த பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டும்.