நினைவு போன பின்

பூதநந்தி மனத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டானதுதான் மனம். அன்பும் பகையும் அச்சமும் அந்தப் படிவிலிருந்தே முளைக்கின்றன. நினைவு போனால் அவையும் போய்விடும் என்பது அவருடைய கொள்கை. மூத்த சீடர் சேந்தன் ஊர் ஊராகப் போய் அதை வாதிட்டு நிலைநாட்டினார். அவரோடு வாதிட்டு வென்றவர் யாரும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் பூதநந்திக்குக் கடும் காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நினைவு கலைந்துவிட்டது. காலையில் உண்டது மாலையில் தெரியவில்லை. மடத்தில் உடனிருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வெகுகாலம் சிந்தித்து வைத்த கொள்கை மட்டும் சொல் குறையாமல் மிஞ்சியது.

செய்தி கேட்டுச் சேந்தன் வெளியூரிலிருந்து விரைந்து வந்தார். வழியெல்லாம் ஒரே கவலை. கொள்கைப்படி பார்த்தால், ஆசிரியர் மனத்தில் இனி தமக்கு இடமில்லை.

உள்ளே போய் வணங்கினார்.

"என்னைத் தெரிகிறதா ஐயா?"

"தெரியவில்லை. உட்கார்."

சேந்தனுக்குக் கண் நிறைந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"நினைவில்லாமல் அன்பில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன் அல்லவா?" என்று கேட்டார் பூதநந்தி.

"ஆமாம் ஐயா."

"அது தவறு."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் வாசலில் உன்னைக் கண்டதும் மனம் குளிர்ந்தது. அது எங்கிருந்து வந்தது?"

காய்ச்சலின் களைப்பாக இருக்கலாம் என்று சேந்தன் தயங்கிச் சொன்னார். இத்தனை சபைகளில் வென்ற கொள்கையை நாமே விட்டுவிட்டால் ஊர் சிரிக்குமே என்றும் சொன்னார்.

சிரிக்கட்டும் என்றார் பூதநந்தி. அந்தப் பாடத்தை இன்றோடு நிறுத்திவிடச் சொன்னார். வாழ்நாள் உழைப்பு போகிறதே என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்ட பரபரப்புத்தான் இருந்தது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சேந்தன் மெல்லக் கேட்டார்:

"அப்படியானால் அன்பு எதன்மேல் நிற்கிறது ஐயா?"

"எனக்கும் தெரியவில்லை. நாளைக்கும் வா. இன்று பேசியதெல்லாம் எனக்கு மறந்திருக்கும். அப்போதும் உன்னைக் கண்டு என் முகம் மலர்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்."