ஒருவேளை உண்ட மான்

மிருகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மான்கள் பொழுதெல்லாம் மேய்ந்துகொண்டே இருந்தன. ஒரு வாய் புல்லை நிதானமாக மென்று விழுங்கி, மறுபடி ஒரு வாய். குனிந்த தலை நிமிராது. அப்படிக் குனிந்திருந்த ஒரு நாளில்தான் மருதி என்ற பெண்மான் தன் தலைச்சன் குட்டியைச் செந்நாய்களிடம் பறிகொடுத்தது.

அடுத்துப் பிறந்த குட்டியை நக்கிக்கொடுக்கும்போதே மருதி முடிவு செய்துவிட்டது. "இனி எனக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். விடிந்ததும் கொஞ்சம் மேய்வேன். மற்ற நேரமெல்லாம் இவளுக்குக் காவல்."

மரத்தில் இருந்த அதன் சிநேகிதி மந்தி, "உடம்பு தாங்குமாடி?" என்று கேட்டது.

முதலில் நன்றாகவே தாங்கியது. உடம்பு லேசானது. காது கூர்மையானது. தூரத்தில் சருகு நொறுங்கினாலும் மந்திக்கு முன்பே மருதிக்குக் கேட்டது. ஆனால் பத்தே நாளில் பால் வற்றத் தொடங்கியது. சாயங்காலமானால் கால் நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. குட்டி மடியை முட்டி முட்டிக் கத்தியது.

"பால் கொடுக்கிறவள் இருக்கிற பட்டினியா இது?" என்று மந்தி கடிந்துகொண்டது.

"தலை குனிந்தால் இவளும் போய்விடுவாளே! நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே வேளையில் தின்றுவிடுகிறேன்."

மறுநாள் காலை மருதி மெல்லவே இல்லை. புல்லும் தளிருமாகப் பறித்துப் பறித்து விழுங்கியது. வயிறு பானைபோல் உப்பி மூச்சு முட்டிய நேரம் பார்த்து, "செந்நாய்! ஓடுடி!" என்று மந்தி அலறியது.

கால் எழவில்லை. மருதி குட்டியைப் புதருக்குள் தள்ளியது. பிறகு வயிற்றை இறுக்கி, கழுத்தை நீட்டி, தின்றதில் பாதியை வெளியே தள்ளியது. பாரம் குறைந்ததும் செந்நாய்களின் கண்முன்னே பாய்ந்து, அவற்றை ஆற்றுப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடி, நீரில் குதித்து அக்கரை ஏறியது.

உச்சிவேளையில் சுற்றிவளைத்துத் திரும்பி வந்தபோது குட்டி புதரிலேயே இருந்தது. மருதி அதன் பக்கத்தில் சாய்ந்து படுத்தது. ஒருமுறை வழி கண்ட வயிறு, மிச்சமிருந்த புல்லை உருண்டையாக வாய்க்கு அனுப்பியது. துப்ப மனம் வரவில்லை. மெதுவாக மென்றது. புல் இனித்தது.

"என்னடி மெல்லுகிறாய்?" என்றது மந்தி.

"காலையில் தின்றதைத்தான்" என்றது மருதி. தலை நிமிர்ந்தே இருந்தது. கண் காட்டின் மேலேயே இருந்தது. மடியில் மறுபடி பால் சுரந்தது.

மான்கள் கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, நிழலில் ஒதுங்கித் தலை நிமிர்த்தி அசைபோடுவது அன்று முதல்தான்.