வரப்போரத்துப் பத்தடி

மாசிலாமணி அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. மடத்து வாசலில் செருப்பை உதறியதும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சாமி, நாளைக்கு அந்தப் பத்தடியையும் உழப்போறேன். சான்றிதழ் போனாப் போகட்டும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமி நிமிர்ந்தார். அவருக்கும் மாசிலாமணி வயதுதான்.

"எந்தப் பத்தடி?"

"பக்கத்து வயல் என் தம்பி தங்கராசோடது. கத்தரிக்கு வாரம் தவறாம மருந்து அடிக்கிறான். அது காத்துல என் பக்கம் வருமாம். இயற்கை விவசாயம்னு சான்றிதழ் வேணும்னா, வரப்போரம் பத்தடியை நான் தரிசாப் போடணுமாம். விஷம் அடிக்கிறது அவன், நிலத்தை விடறது நானா? இது எந்த ஊர் நியாயம் சாமி?"

அந்தப் பத்தடியில் விளைந்ததை வைத்துத்தான் மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வீட்டில் இருக்கிறாள்.

சாமி கீரையை ஒதுக்கிவைத்து எழுந்து வயலுக்கு நடந்தார். மாசிலாமணி முணுமுணுத்தபடி பின்னால் போனார்.

உச்சி வெயில். தங்கராசு முதுகிலிருந்து மருந்து டப்பாவை இறக்கினார். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வெகுநேரம் இருமினார். குடத்துத் தண்ணீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு தூக்குச்சட்டியோடு வரப்பைத் தாண்டி, அண்ணனின் தரிசில் வந்து உட்கார்ந்தார்.

மாசிலாமணிக்கு இது புதுச் செய்தி. மத்தியானத்தில் அவர் வயலுக்கு வருவதில்லை.

"தினமும் இங்கதானா?" என்று சாமி கேட்டார்.

தங்கராசு அண்ணனைக் கண்டதும் எழப் பார்த்தார். இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகிறது.

"அந்தப் பக்கம் வாடை, சாமி. சோறு உள்ள இறங்க மாட்டேங்குது."

"மருந்தை விட்டுடலாமே?"

"விட்டா மூணு வருஷம் விளைச்சல் படுத்துடும். அண்ணன் மருந்தை விட்டப்ப மாமனார் வீட்டுல தாங்கினாங்க. எனக்கு யாரு இருக்கா?"

மாசிலாமணி வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பும் வழியில் அவரே மெல்லக் கேட்டார். "எல்லாம் சரி சாமி. நஷ்டம் எனக்குத்தானே?"

"உனக்குத்தான். இல்லைன்னு யாரு சொன்னா?"

"அதை யாரும் ஈடு கட்ட மாட்டாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் வரலையே."

"அப்ப நாளைக்கு உழுதுடவா?"

சாமி நின்று திரும்பிப் பார்த்தார். தங்கராசு இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உழு. ஆனா நாளையிலேருந்து சோத்தை எங்க வச்சுச் சாப்பிடறதுன்னு உன் தம்பிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு."