வடிவு முகத்துப் பருவும் மாமன்மார் வைத்தியமும்

ஏமாப்பட்டியில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. சந்தேகமிருந்தால் அந்த ஊர்க்காரர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ஊர் வடிவுக்குப் பத்தாம் வகுப்பு வந்ததும் முகமெல்லாம் பருவும் வந்தது. போனால் போகிறது என்று விட்டிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை வகுப்பு போட்டோ. அதைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். "இந்த மூஞ்சியோட நான் நிக்கவே மாட்டேன்" என்று சோறு தண்ணி இல்லாமல் அழுதாள். பாவம், அந்த வயதில் அதைவிடப் பெரிய கவலை எது?

மாமன்மார் நல்லமுத்துவும் சடையப்பனும் அவளை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

"பருவுல கை வைக்கக் கூடாது. காலையிலயும் சாயங்காலமும் முகம் கழுவணும். ராத்திரி பட்டாணி அளவு களிம்பு பூசணும். முகத்துல வெயில் படக் கூடாது. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் முளைத்தது.

"கை வைக்காம எப்படிண்ணே முகம் கழுவுறது?" என்றான் சடையப்பன்.

நல்லமுத்து வெகுநேரம் யோசித்தான். "மாடு கை வச்சா கழுவுது?"

வடிவு தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்தாள். துண்டால் துடைத்தால் கை பட்டுவிடுமே! சடையப்பன் முறத்தை எடுத்து, ஈரம் காயும்வரை அவள் முகத்துக்கு நேரே விசிறினான். பக்கத்தில் நின்ற பசு தண்ணீர் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி அடுத்த சிக்கல்.

"காஞ்ச பட்டாணி அளவா, ஊறின பட்டாணி அளவா?"

"டாக்டர் ஊற வைக்கச் சொல்லலையே."

"காய வைக்கவும் சொல்லலையேண்ணே!"

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பட்டாணியைத் தண்ணீரில் போட்டுவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அது ஊறி முடிப்பதற்குள் வடிவு தூங்கிப்போனாள். தினமும் இதே கதைதான். களிம்பு டப்பா திறக்கப்படவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி மைதானத்தில் வெயில் கொளுத்தியது. முன்வரிசையில் நின்ற வடிவு, முறத்தால் முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டாள்.

"முறத்தை இறக்கும்மா" என்றார் போட்டோக்காரர்.

"முதல்ல வெயில் இறங்கட்டும். அப்புறம் முறம் இறங்கும்" என்று ஓரத்திலிருந்து குரல் கொடுத்தான் நல்லமுத்து. "வடிவு, கை முறத்துலயே இருக்கட்டும் தாயி, மூஞ்சியில பட்டுறப் போகுது!"

போட்டோக்காரருக்கு அடுத்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று பட்டனை அழுத்திவிட்டார்.

போட்டோ வந்த அன்று மாமன்மார் அதை வெளிச்சத்தில் பிடித்து அலசி அலசிப் பார்த்தார்கள். சடையப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணே, ஒரு பரு கூட இல்லண்ணே! ஆறு வாரம்னு அந்த டாக்டர் சும்மா பயமுறுத்திட்டாரு."

வடிவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆசை தீரப் பார்த்தாள். பிறகு மெல்ல முகம் சுருங்கியது.

"பரு போயிருச்சு மாமா. ஆனா முகம் கொஞ்சம் வரிவரியா, மூங்கில் பின்னுன மாதிரி இருக்கே?"

நல்லமுத்து போட்டோவை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டான்.

"கெளம்பு தாயி. அதுக்கு வேற டாக்டரைத்தான் பாக்கணும்."