செங்காட்டூர் போட்ட ஒரே கோல்

செங்காட்டூர் காலேஜில் புத்திசாலிப் பையன்களும் படித்தார்கள். அவர்கள் கால்பந்து ஆடவில்லை.

ஆடியவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். யுத்தத்தால் நின்றுபோன கால்பந்துப் பந்தயங்களை அக்கம்பக்கத்து ஐந்து சின்னக் காலேஜுகள் சேர்ந்து மறுபடி ஆரம்பித்தன. மற்ற நாலு காலேஜும் ஜெயிக்க ஆசைப்பட்டன. செங்காட்டூர் ஒரே ஒரு கோல் போட ஆசைப்பட்டது.

பயிற்சி கொடுக்க பர்மாவிலிருந்து திரும்பிய ஹவில்தார் மாசிலாமணியை டிரில் மாஸ்டராக வேலைக்கு வைத்தார்கள். இரும்பு மாதிரி உடம்பு, இடி மாதிரி குரல். முதல் நாள் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, "வாழ்க்கையிலே முன்னுக்கு வரணும்னு நினைக்கிறவன் எவன்டா?" என்று கேட்டார்.

தவசிமுத்து ஓர் அடி முன்னால் வந்தான்.

"சபாஷ்! நீதான் கேப்டன்" என்றார் ஹவில்தார். முன்னால் வந்ததற்கே இவ்வளவு மரியாதையா என்று தவசிமுத்துவுக்கு மெய்சிலிர்த்துப் போனது. அந்த நிமிஷத்திலிருந்து ஹவில்தார் சொன்னால் கிணற்றில் குதிக்கவும் தயாராகிவிட்டான். நல்ல வேளையாக அவர் கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முதல் பந்தயம் பாலமங்கலத்தோடு. ஹவில்தார் கோல்கீப்பர் ஐராவதத்தின் தோளைத் தட்டினார். "ஐராவதம், அவனுங்க பொல்லாத பயலுங்க. கண்ணுல விளக்கெண்ணெயை ஊத்திக்கிட்டு நிக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. ஹாஸ்டல் சமையல்காரரிடம் விளக்கெண்ணெய் வாங்கியாயிற்று. ஆனால் ஒரு சந்தேகம்.

"ஒரு கண்ணுலயா, ரெண்டு கண்ணுலயுமா?" என்று கேட்டான் ஐராவதம்.

எல்லோரும் வேதமாணிக்கத்தைப் பார்த்தார்கள். வேதமாணிக்கம் தர்க்க சாஸ்திரம் எடுத்துப் படித்தவன். இரண்டு தடவை பெயில் ஆகி மூன்றாம் தடவையும் அதையே படித்துக்கொண்டிருந்ததால், அந்தப் பாடத்தில் அவனுக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

"மாஸ்டர் கண்ணுன்னுதான் சொன்னார், கண்கள்னு சொல்லலை. ஆனா ஒரு கண்ணுல மட்டும் ஊத்தினா, இன்னொரு கண்ணு அஜாக்கிரதையா இருந்துடும். அதனால ரெண்டுலயும் ஊத்தறதுதான் பத்திரம்" என்றான்.

தவசிமுத்துவே தன் கையால் ஊற்றிவிட்டான். பந்தயம் ஆரம்பித்ததும் ஐராவதத்துக்கு மைதானம் முழுவதும் பந்தாகத் தெரிந்தது. தைரியமாகப் பாய்ந்து ஒரு பந்தைக் கட்டிப் பிடித்தான். அது நடுவருடைய தலை. அதற்குள் நிஜமான பந்து அவனுக்குப் பின்னால் பல தடவை போய்விட்டு வந்திருந்தது.

"எண்ணெய் பத்தலை போல இருக்கு" என்றான் தவசிமுத்து வருத்தத்தோடு. ஹவில்தாருக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே விளங்கவில்லை.

அடுத்தது கோவிலாங்குடி. "இந்தத் தடவை அவனுங்களுக்குத் தண்ணி காட்டணும்டா! ஓட ஓடத் தண்ணி காட்டணும்!" என்று கர்ஜித்தார் ஹவில்தார்.

சித்திரை வெயில். கோவிலாங்குடிக்காரர்கள் பந்தோடு ஓடிவரும்போதெல்லாம் செங்காட்டூர்ப் பையன்கள் ஆளுக்கொரு பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார்கள். கோவிலாங்குடியின் சென்டர் பார்வர்டு நாக்கு வறண்டு கையை நீட்டினான். குப்பண்ணன் சட்டென்று செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டான். குப்பண்ணன்தான் அணியிலேயே குள்ளம், ஆனால் கண்டிப்பானவன்.

"காட்டத்தான் சொல்லியிருக்காங்க. கொடுக்கச் சொல்லலை."

தண்ணீரைப் பார்த்துவிட்டு அந்த சென்டர் பார்வர்டு ஆத்திரத்தில் உதைத்த பந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது.

மூன்றாவது, மேலக்கரைக் காலேஜ். ஹவில்தார் வெறுத்துப்போயிருந்தார். ஆனாலும் பட்டாளத்துக்காரர் அல்லவா? "போனது போகட்டும். இன்னிக்கு ஒரு கை பார்த்துடணும்!" என்றார்.

அணி கூடி ஆலோசித்தது.

"கையாலே ஆடினா தப்புன்னு சொல்வாங்களே?" என்றான் தவசிமுத்து.

"ரெண்டு கையாலே ஆடினாத் தப்பு" என்றான் வேதமாணிக்கம். "அது தெரிஞ்சுதான் மாஸ்டர் ஒரு கைன்னு கணக்காச் சொல்லியிருக்கார்."

அவருடைய முன்யோசனையை எண்ணித் தவசிமுத்து வியந்துபோனான். அன்றைக்கு எல்லோரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் ஆடினார்கள். நடுவர் ஊதி ஊதிக் களைத்துப் போய், "என்னப்பா இது அநியாயம்?" என்று கேட்டார். தவசிமுத்து பணிவோடு திரும்பி நின்று கட்டிய கையைக் காட்டினான். "ஒண்ணுதான் சார் உபயோகிக்கிறோம். நீங்களே பாருங்க."

அந்த வாரம் பிரின்ஸிபால் நல்லசிவம் பிள்ளை ஹவில்தாரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. மாலையில் கத்திரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஞாயிற்றுக்கிழமை தேவாரம் பாடுவதுமாக இருப்பவர். ஆனால் காலேஜ் நிர்வாகக் கமிட்டி அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தது. கடைசிப் பந்தயத்திலும் தோற்றால் கால்பந்து அணியைக் கலைத்துவிட வேண்டும். அணி இல்லாத காலேஜுக்கு டிரில் மாஸ்டர் எதற்கு?

கடைசிப் பந்தயம் வெள்ளாற்றூரோடு. வெள்ளாற்றூர் அதுவரை யாரிடமும் தோற்றதில்லை.

செய்தி கேட்டுத் தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் ஹவில்தார் வீட்டுக்குப் போனான். அவர் டிரங்குப் பெட்டியில் காக்கிச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் கூடத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை பந்தயப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. அதுகூட நன்றாகத்தான் உருட்டியது.

"எங்க சார் போவீங்க?" என்று கேட்டான் தவசிமுத்து.

"ஊருக்குத்தான். மாமனார் வீட்ல போய் நிக்கணும். பர்மாவுல குண்டு விழுந்தப்பகூட நான் இப்படித் தலைகுனியலைடா."

"பந்தயம் இன்னும் பாக்கி இருக்கே சார். எப்படி ஆடணும்னு சொல்லுங்க. சொன்னபடி செய்யறோம்."

"அதுதான்டா பயமா இருக்கு" என்றார் ஹவில்தார். இதற்குள் அவருக்கு விஷயம் ஒருவாறு பிடிபட்டிருந்தது. வெகு நேரம் யோசித்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். "பந்து... பக்கத்துல வந்தா... காலாலே... உதைக்கணும். அவ்வளவுதான். வேறே ஒண்ணும் வேண்டாம்."

தவசிமுத்து அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஹாஸ்டலுக்கு நடந்தான்.

பந்தய நாளன்று வெள்ளாற்றூர் மைதானத்தில் ஹவில்தார் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் உள்ளே இறங்கினார்கள். தவசிமுத்து திரும்பி அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிடு அவரை உலுக்கிவிட்டது. எழுந்து நின்று, நெஞ்சு வெடிக்கக் கத்தினார்: "டேய், இந்த ஒரு தடவையாவது கோட்டை விட்டுடாதீங்கடா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

மைதானத்தின் நடுவே அணி கூடியது.

"இங்கே கோட்டை எங்கேடா இருக்கு?" என்றான் ஐராவதம், நாலு பக்கமும் பார்த்து.

"கோட்டை இல்லை, கோடு இருக்கு. கோட்டை விட்டு நகரக் கூடாதுங்கறார்" என்றான் வேதமாணிக்கம்.

"எந்தக் கோட்டை? சுத்தியும் சுண்ணாம்புக் கோடாத்தானே போட்டு வெச்சிருக்கான்?"

"எந்தக் கோட்டைத் தாண்டினா நமக்கு நஷ்டம்? அந்தக் கோடுதான்."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. பதினொரு பேரும் போய் தங்கள் கோல் கம்பங்களுக்கு நடுவே, கோட்டின்மேல், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நடுவே ஐராவதம், கோபுர வாசலில் யானையை நிறுத்தின மாதிரி.

வெள்ளாற்றூர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பந்தை அடித்தார்கள். அது வேதமாணிக்கத்தின் வயிற்றில் பட்டுத் திரும்பியது. மறுபடி அடித்தார்கள். தவசிமுத்துவின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. முதுகைத் தவிர்த்துச் சகல பாகங்களிலும் அடி விழுந்தது. ஒருவனும் கோட்டை விடவில்லை. "ஆட்டத்துக்கு வாங்கடா!" என்று எதிர்க் கேப்டன் கெஞ்சினான். "மன்னிக்கணும். உத்தரவு இல்லை" என்றான் தவசிமுத்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

இடைவேளை வரைக்கும் கோலே விழவில்லை. சரித்திரத்தில் முதல் தடவையாகச் செங்காட்டூர் தோற்காமல் இருந்தது.

இடைவேளை முடிந்ததும் சிக்கல் வந்தது. இந்தத் தடவை ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டியது செங்காட்டூர். மைய இடத்தில் பந்தை வைத்துவிட்டு நடுவர் காத்திருந்தார்.

"கோட்டை விட்டு எப்படிப் போறது?" என்றான் குப்பண்ணன்.

வேதமாணிக்கம் கண்களை மூடி யோசித்தான். "நடுவுலயும் ஒரு கோடு போகுது பார். நீ ஓரக் கோட்டுமேலேயே நடந்து போய் அந்தக் கோட்டிலே ஏறிக்கோ. ஒரு கோட்டை விட்டு இன்னொரு கோட்டுக்குப் போனா, மொத்தத்திலே கோட்டை விட்டதாகாது."

குப்பண்ணன் கயிற்றின்மேல் நடப்பவன் மாதிரி ஒரு பாதத்துக்கு முன்னால் ஒரு பாதமாக வைத்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனான். ஜனங்கள் கைதட்டினார்கள். நடுக்கோட்டை அடைந்து பந்தை மெள்ளத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். திரும்பி வருவதைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளாற்றூர் அணி மொத்தமும் செங்காட்டூர் கோல் முன்னால் திரண்டது. அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற தருணம். எதிர்க் கேப்டன் பின்வாங்கி, ஓடிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உதை விட்டான். பந்து ஐராவதத்தின் நெற்றியில் மோதி வானத்துக்குப் போனது. ஐராவதம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளாடினான். தவசிமுத்துவும் வேதமாணிக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பந்து பறந்து போய், குதித்துக் குதித்து, குப்பண்ணனின் காலடியில் நின்றது.

பந்து பக்கத்தில் வந்தால் காலால் உதைக்க வேண்டும். குப்பண்ணன் உதைத்தான்.

"ஓடுடா! பின்னாலேயே ஓடுடா!" என்று ஹவில்தார் அலறினார். குப்பண்ணன் தன் காலுக்குக் கீழே இருந்த கோட்டைச் சுட்டிக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினான்.

ஓடியிருக்கவே தேவையில்லை. வெள்ளாற்றூர் கோல்கீப்பர் அன்று பூராவும் வேலையில்லாமல் இருந்து அலுத்துப்போய், மைதான ஓரத்தில் வேர்க்கடலைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தான். பந்து அவசரமில்லாமல் உருண்டது. ஒரு மண்கட்டியில் தடுக்கித் தயங்கியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, சரிவில் இறங்கிக் கோலுக்குள் போய் உட்கார்ந்தது.

ஜனங்கள் போட்ட கூச்சலில் தவசிமுத்துவின் முகம் செத்துப்போனது. கூச்சல் எழும்போதெல்லாம் தாங்கள் தோற்பதுதான் அவனுக்கு வழக்கம். ஓடிவந்த ஹவில்தாரைப் பார்த்து, "மன்னிச்சுடுங்க சார். நாங்க கோட்டை விடவே இல்லை சார். எப்படி விழுந்ததுன்னு தெரியலை" என்று அழுதான்.

"நாம போட்ட கோல்டா அது! ஜெயிச்சுட்டோம்டா, மடையா!" என்று ஹவில்தார் அவனை அப்படியே தூக்கிச் சுற்றினார். பர்மாவிலும் கலங்காத கண் அன்றைக்கு ஒழுகியது.

பிரின்ஸிபால் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவர் வந்த பஸ் மேட்டில் நின்றுபோய், பாதி வழி தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வேஷ்டியெல்லாம் கரி. விஷயம் தெரிந்ததும் ஹவில்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாசிலாமணி, இனிமே உம்மை யாரும் அசைக்க முடியாது. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." பிறகு பையன்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எல்லாம் சரி, அந்தக் கோலைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலையேடா! ஒரு தடவை கண்ணாலே பார்த்திருந்தா ஜென்மம் சாபல்யமாகியிருக்கும்."

அவரும் ஹவில்தாரும் அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். பையன்கள் போகவில்லை. ஆலோசனையில் இருந்தார்கள்.

மறுநாள் காலை நல்லசிவம் பிள்ளை காபி டம்ளரோடு தோட்டத்துக்கு வந்தார். கத்திரிப் பாத்திக்கு நடுவே இரண்டு சவுக்குக் கம்பமும், மேலே குறுக்குக் கட்டையும், பின்னால் வலையுமாக வெள்ளாற்றூர் கோல் நடப்பட்டிருந்தது. பக்கத்தில் பையன்கள் வியர்க்க விறுவிறுக்க நின்றார்கள்.

"நீங்க பார்க்கணும்னு சொன்ன கோல் சார்" என்றான் தவசிமுத்து. "படுக்கப் போட்டா கோல் ஆகாதுன்னு வேதமாணிக்கம் சொன்னான். அதனாலே வழி பூரா நிக்க வெச்சே தூக்கிட்டு வந்தோம்."

பிரின்ஸிபால் கோலை மேலும் கீழும் பார்த்தார். பார்வை நகர்ந்து, கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது. அங்கே பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் கால்களை அகட்டிக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். செங்காட்டூர் சட்டை பச்சை இல்லை.

"நீ யாருப்பா?"

"வெள்ளாற்றூர் கோல்கீப்பர் சார். லூர்துசாமி."

"இங்கே என்ன பண்றே?"

"நேத்து கோல் விழுந்ததும் எங்க கேப்டன் கண்டிப்பாச் சொல்லிட்டார் சார். உசிரே போனாலும் இனிமே கோலை விட்டு ஓர் அடி நகரக் கூடாதுன்னு. இவங்க தூக்கிட்டுக் கிளம்பினாங்க, நானும் உள்ளேயே நடந்து வந்துட்டேன்." கொஞ்சம் தயங்கி, காலடியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், தப்பா நினைக்கலேன்னா இந்தக் கத்திரிச் செடிங்களைக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்றீங்களா? பந்து வந்தா பாய்ஞ்சு பிடிக்க இடைஞ்சலா இருக்கு."