மூன்றாவது சைக்கிளின் சீட்டு

"முட்டி தாங்கலை, கோச். ராத்திரியெல்லாம் உயிர் போகுது," என்றாள் மங்கையர்க்கரசி. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

வகுப்பெடுக்கும் பெனாசிருக்கு அவளில் பாதி வயதுதான். குனிந்து பார்த்தாள். பெடல் கீழே போகும்போது கால் எட்டவில்லை. விரல் நுனி துழாவிக்கொண்டிருந்தது.

"சீட்டை இறக்குங்க, ஆன்ட்டி."

"அது மட்டும் முடியாது."

திருச்சியில் ஒரு மாடி ஜிம் அது. கண்ணாடிச் சுவரைப் பார்த்து வரிசையாகச் சைக்கிள்கள். ஒன்றாவது ஓர் அங்குலம் நகருமா என்றால் நகராது. காதைப் பிளக்கிற பாட்டைப் போட்டுவிட்டு பெனாசிர் முன்னால் ஏறிக் கத்த, கூட்டமே சேர்ந்து வேர்க்க விறுவிறுக்க மிதிக்கும். ஊர் போய்ச் சேராத சைக்கிளுக்கு இத்தனை பாடா என்று மங்கையே ஒரு காலத்தில் மகளைக் கேலி செய்தவள்தான்.

அந்த மகள் தேன்மொழி ஓட்டியது மூன்றாவது சைக்கிளை. போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பார்க்கப் பார்க்க மனசு தாங்காமல் வீட்டுக்காரர் அவள் துணிமணியையெல்லாம் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டார். கட்டிலையும் பிரித்துப் போட்டாயிற்று. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? சோறு இறங்கவில்லை. இன்னும் எதற்கு விடிகிறது என்று விடிகிற பொழுதைத் திட்டினாள்.

அப்போதுதான் இந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. தேன்மொழி தன் உயரத்துக்குத் தன் கையாலேயே ஏற்றி முடுக்கி வைத்த சீட்டு. மங்கை ஓடி வந்து ஜிம்மில் சேர்ந்துகொண்டாள். இதை யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொண்டாள். பெனாசிரும் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து காலை வகுப்புக்கு முதல் ஆளாக வருவாள். ஏறுவதற்கு முன் சீட்டைத் தட்டிக் கொடுப்பாள். என் பிள்ளை நல்ல உயரம் என்று பக்கத்தில் இருப்பவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவந்தாள்.

"வலி போக ஒரு வழி சொல்லும்மா. சீட்டைத் தொடாம சொல்லு."

சொல்லலாமா வேண்டாமா என்று பெனாசிர் தயங்கினாள்.

"சாயந்திரம் இதுல யாரு ஓட்டுறாங்க தெரியுமா, ஆன்ட்டி?"

மங்கைக்குத் தெரியாது. இந்த ஜிம்முக்குச் சாயந்திரம் என்று ஒன்று உண்டு என்றே அவள் யோசித்ததில்லை.

"ஒரு பேங்க்காரர். ஆறடி ஆள். வந்ததும் அவர் உயரத்துக்கு ஏத்திக்குவார்."

"நீ தலையாட்டினியே."

"ஆட்டினேன். காலையில நீங்க வர்றதுக்குள்ள உங்க பொண்ணு அளவுக்கு இறக்கி வைப்பேன். ஒரு நாள் மறந்துட்டேன்."

மங்கை குனிந்து சீட்டைப் பார்த்தாள்.

"நீங்க வந்தீங்க. எப்பவும் போலத் தட்டிக் கொடுத்தீங்க. ஏறி உக்காந்தீங்க. அதோட இறக்கி வைக்கிறதையே நான் விட்டுட்டேன்."

முட்டி தேய மிதித்ததெல்லாம் யாரோ ஒரு பேங்க்காரரின் உயரத்திலா? இந்தப் பெண்ணை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது மங்கைக்கு.

பெனாசிர் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். சைக்கிளை ஒட்டி நிற்க வைத்தாள். இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்து, திருகைத் தளர்த்தி, சீட்டை அந்த அளவுக்கு இறக்கி முடுக்கினாள். மங்கை தடுக்கவில்லை.

"ஏறுங்க."

ஏறினாள். மிதித்தாள். பாதம் முழுசாகப் பதிந்தது.

"முட்டி?"

"வலிக்கலை."

சொல்லும்போதே அழுகை பீறிட்டது. இந்த வலியாவது மிச்சம் இருந்தது. அதுவும் போயிற்று.

பெனாசிர் அவளை அழ விட்டாள்.

"அவ வச்ச உயரத்துக்கே ஏத்தி விட்டுடும்மா," என்று மங்கை கெஞ்சினாள். "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

பெனாசிர் மறு பேச்சில்லாமல் திருகைத் தளர்த்தினாள். கம்பியில் அளவுக்குப் போட்டிருந்த எண்கள் என்றைக்கோ தேய்ந்து போயிருந்தன.

"அந்த அளவு எனக்கும் இப்ப ஞாபகமில்லை. எதுவரைக்கும் ஏத்தட்டும், ஆன்ட்டி? நீங்களே சொல்லுங்க."